பெயரறியா இணைப்பியை இனங்காணுமாறு

கணினிப் பேழையின் பக்கத்தகட்டைக் கழற்றி உள்ளே நோக்குவோர், வன்தட்டு இது, விசிறி இது, நினைவகம் இது என்று பேருறுப்புக்களை எளிதில் அறிந்துகொள்வர். அவர்களைத் திகைக்கச் செய்வன சிற்றுறுப்புக்களே. தாய்ப்பலகையின் ஓரத்தில் இரு நிரையாக நிற்கும் ஒன்பது ஊசிகள். பேழையின் முன்புறத்திலிருந்து புறப்பட்டு எங்கும் சேராது தொங்கும் ஒரு வடம். கறுப்பும் சிவப்புமாக இரண்டே கம்பிகளைக் கொண்ட ஒரு வெண்ணிறச் செருகி. இவற்றின் பெயர் யாது, தொழில் யாது, எதனோடு எது சேர்தல் வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. 'பொருந்துகிறதே, செருகிப் பார்ப்போம்' என்று துணிபவர் உளர். அத்துணிவின் விலை எத்துணையது என்பதையும், செருகிப் பாராமலே உண்மையை அறியும் வழி யாதென்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி பளை போன்ற ஊர்களுக்குப் பெரிதும் வேண்டப்படுவது. போர் 2009 இல் முடிவுற்று மக்கள் மீளக் குடியேறிய பின்னர், வன்னிப் பாடசாலைகளுக்குக் கணினிகள் ஒரே வழியால் வந்து சேர்ந்தனவல்ல. திணைக்களம் வழங்கியவை சில. தொண்டு நிறுவனங்கள் அளித்தவை சில. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் தம் அலுவலகங்களிற் கழிக்கப்பட்டவற்றைச் சேர்த்து அனுப்பியவை சில. ஆகவே ஓர் ஆய்கூடத்திலே பத்துக் கணினிகள் இருப்பின், அவை பத்துக் குலத்தனவாக இருத்தல் கூடும். அவற்றோடு கைந்நூல் வருவதில்லை. பழுது நேர்ந்தால் கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஏற்றிச் சென்று, திருத்துநர் சொல்வதை வேதவாக்காகக் கொண்டு திரும்புதலே வழக்கம். தமிழும் வரலாறும் படித்துப் புறநிலைத் தேர்வெழுதிப் பட்டம் பெற்ற யாம் இத்துறையிற் புகுந்ததும் இக்குறைபாட்டின் பயனாகவே. பௌதிகவியல் ஆசிரியரின் துணையும், ஒரு பல்மானியும், மாணவர் சிலரின் கூரிய கண்களும் எமக்கு வாய்த்தன.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் பதித்தல் வேண்டும். இணைப்பியின் உருவம், எதனோடு எது பொருந்தும் என்பதைச் சொல்லும். அதனூடு பாய்வது யாது என்பதைச் சொல்லாது. எம்மூர்ப் புகையிரதப் பாதையை எண்ணுக. 2014 மார்ச்சு மாதத்திற் பளை வரையும், அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் மீளத் திறக்கப்பட்ட அப்பாதையின் தண்டவாளங்களுக்கிடையே உள்ள அகலம் 1676 மில்லிமீற்றர். அவ்வகலத்துக்கேற்ற சில்லுகளையுடைய எவ்வண்டியும் அதன்மேல் ஓடும். அகலத்தை அளந்தறிந்த ஒருவன், வருகின்ற வண்டி மக்களை ஏற்றி வருகிறதோ எரிபொருளை ஏற்றி வருகிறதோ என்று சொல்லமாட்டான். இணைப்பியின் நிலையும் அதுவே.

எனினும் அகலத்தை அளத்தல் வீண் முயற்சியன்று. ஆராய்ச்சிக்கு அதுவே முதற்படி. அடுத்தடுத்த இரண்டு ஊசிகளின் நடுக்களுக்கு இடையேயுள்ள தூரத்தை ஊசியிடை என வழங்குவாம். தாய்ப்பலகைகளில் நாம் மிகுதியாகக் காணும் ஊசியிடை 2.54 மில்லிமீற்றர். இது தசம அளவைக்குச் சற்றும் ஒவ்வாத எண்ணாகத் தோன்றுவது ஏனெனில், இது ஓர் அங்குலத்தின் பத்திலொரு பங்கு. அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீற்றர் என்று ஆங்கிலம் வழங்கும் பெருநாடுகள் 1959 இல் உடன்பட்டன. அமெரிக்கப் பொறியியலாளர் அங்குலத்தைப் பகுத்து ஊசிகளை நிறுத்தினர். யப்பானியர் பலவிடத்து மீற்றரைப் பகுத்து நிறுத்தினர். ஆகவே 2.54 உம் 2.50 உம் அருகருகே வாழ்கின்றன. அவற்றின் வேறுபாடு ஒரு மயிரிழையின் தடிப்பளவே. நாலூசிச் செருகி ஒன்றில் அவ்வேறுபாட்டைக் கண்ணாற் காணவியலாது. பத்துப் பதினைந்து ஊசிகளைக் கொண்டதாயின் அது திரண்டு தோன்றும்.

இங்கே மாணவர் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. பதினொரு ஊசிகளின் முதலிலிருந்து கடைவரை அளந்து, பதினொன்றால் வகுப்பர். வேலி அடைத்துப் பழகிய எம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதனை விளக்குதல் எளிது. பதினொரு கதியால் நட்டால் நடுவே வரும் இடைவெளி பத்தே. முதலூசியின் நடுவிலிருந்து பதினோராம் ஊசியின் நடுவரை 25.4 மில்லிமீற்றராயின் ஊசியிடை 2.54, 25.0 ஆயின் 2.50. வேணியர் இடுக்கிமானி ஆய்கூடத்தில் உண்டு. அதனைத் தேர்வுக்காக மாத்திரம் அலுமாரியிற் பூட்டிவைத்தல் முறையன்று.

2.54 அல்லாத பிற இடைகளும் பயனுள்ள செய்தி தருவன. வலு வழங்கியிலிருந்து வரும் பருத்த செருகிகளில் 4.2 மில்லிமீற்றர் இடையைக் காணலாம். யூ.எஸ்.பி. மூன்றாம் தலைமுறைக்கென அமைந்த பத்தொன்பதூசித் தொகுதியில் 2.0 மில்லிமீற்றர் காணப்படும். மடிக்கணினிகளின் உட்புறத்தே 1.25, 1.0 என இறங்கிச் செல்லும். கடைகளில் இவற்றுக்கு வழங்கும் பெயர்களை நம்பி ஏமாறலாகாது. மொலெக்ஸ் என்பது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர், ஜே.எஸ்.ரி. என்பது ஒரு யப்பானிய நிறுவனத்தின் பெயர். இரண்டும் எண்ணிறந்த வகை இணைப்பிகளைச் செய்வன. எந்நிறுவனத்துத் தையல் இயந்திரத்தையும் 'சிங்கர்' என்றழைத்த பாட்டிமாரைப் போல, பழைய வன்தட்டுக்கு வலு தரும் நாலூசிச் செருகியை 'மொலெக்ஸ்' என்றும், சிறிய வெண்செருகி யாதாயினும் 'ஜே.எஸ்.ரி.' என்றும் கடைக்காரர் சொல்வர். அப்பெயரை மாத்திரம் சொல்லி ஒரு பொருளைக் கேட்பவர் வேறொரு பொருளோடு வீடு திரும்புவர்.

இனி, பலகையின்மேல் அச்சிட்டுள்ள எழுத்துக்களை நோக்குவாம். கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, மென்மையான தூரிகையால் தூசியை நீக்கினாற் பல எழுத்துக்கள் வெளிப்படும். 'ஜே' என்னும் ஆங்கில எழுத்தும் அதன்பின் ஓரெண்ணும் இருப்பின், அது பலகையில் நிலைபெற்ற ஓர் இணைப்பி என்பதே பொருள், 'சீ.என்.' என்பதும் அவ்வாறே. 'ஜே.பி.' என்பது பெரும்பாலும் செருகிக்குரியதன்று. இரண்டு ஊசிகளைச் சிறு தொப்பியால் இணைத்து ஒரு நிலையைத் தெரிவுசெய்யும் இடம். இவ்வெழுத்தின் பின்வரும் எண் வரிசையெண்ணேயன்றித் தொழிலைக் குறிப்பதன்று. அதற்கு மாறாக, 'யூ.எஸ்.பி.', 'ஓடியோ', 'பான்' என்று தொழிலையே அச்சிட்டிருந்தால் ஆராய்ச்சி பாதி முடிந்தது. அட்டைகள் செருகும் குதைகளுக்கிடையே பெரிதாக அச்சிட்டுள்ள பலகையின் மாதிரி இலக்கத்தைக் கண்டால், அதனைக் கொண்டு செய்தவர்களின் கைந்நூலை இணையத்திற் பெறுதலும் கூடும். அவ்வாறு கிடைத்தால் இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி அவர்க்கு வேண்டியதில்லை. ஆயின் பெரிய நிறுவனங்கள் தம் பெயரில் விற்பதற்கெனப் பிறரைக் கொண்டு செய்வித்த பலகைகளுக்கு அத்தகைய கைந்நூல் பலவேளை வெளியிடப்படுவதில்லை. கழிக்கப்பட்ட அலுவலகக் கணினிகளுட் பல இவ்வினத்தவை.

எமது பாடசாலைக்கு வந்த ஒரு மேசைக்கணினியை உதாரணமாகக் கொள்வாம். முன்புறத்திலுள்ள யூ.எஸ்.பி. வாயில்கள் இயங்கவில்லை. திறந்து பார்த்தபோது அவற்றின் வடம் செருகப்படாது கிடந்தது. தாய்ப்பலகையின் கீழோரத்தில் ஒன்பதூசித் தொகுதிகள் இரண்டு, ஒன்றுக்கொன்று இரட்டைப்பிள்ளைகள் போல நின்றன. இரண்டும் ஒரே ஊசியிடை, ஒரே நிறம். அருகே 'ஜே' எழுத்தும் எண்ணும் மாத்திரம். வடத்தின் செருகி இரண்டிலும் தடையின்றி ஏறும்.

ஐந்தைந்தாக இரு நிரையில் நிற்கவேண்டிய பத்து ஊசிகளுள் ஒன்று இல்லாமை இத்தொகுதிகளின் பொது இயல்பு. அவ்வின்மை குறைபாடன்று, வேண்டுமென்றே செய்யப்பட்ட அடையாளம். செருகியில் அவ்விடத்துத் துளை அடைக்கப்பட்டிருக்கும். எனவே மாறிச் செருகவியலாது. எவ்வூசி இல்லை என்பதை அறிய, ஊசிகளுக்கு எண்ணிடும் முறையை அறிதல் வேண்டும். ஒரு நிரையில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. மறு நிரையில் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து. இலத்திரனியற் சில்லுகளின் கால்களைச் சுற்றிவர எண்ணும் முறை இங்குச் செல்லாது. பலகையை மேலிருந்து நோக்கி, வெற்றிடம் கீழ்ப்பக்கமாக வரும்படி தொகுதியைத் திருப்பிக் கொள்க. இடப்பக்கக் கீழ் மூலை வெறிதாயின் இல்லாதது ஒன்பதாம் ஊசி. வலப்பக்கக் கீழ் மூலை வெறிதாயின் பத்தாம் ஊசி. வலப்பக்கத்தில் மூலைக்கு ஒன்று மேலே வெறிதாயின் எட்டாம் ஊசி. எட்டு இல்லையேல் அது முன்புறச் செவிப்பன்னிக்கும் ஒலிவாங்கிக்கும் உரிய ஒலித்தொகுதி. பத்து இல்லையேல் பழைய தொடர்நிலை வாயிலாகவோ, பேழையின் முன்புற ஆளிகளுக்கும் விளக்குகளுக்கும் உரியதாகவோ இருத்தல் கூடும்.

ஒன்பது இல்லையேல் யாது? இங்கேதான் சிக்கல் பிறக்கின்றது. யூ.எஸ்.பி. தொகுதியிலும் ஒன்பதாம் ஊசி இல்லை. 'பயர்வயர்' என்று அப்பிள் நிறுவனம் பெயரிட்டு, 1995 இல் ஐ.ஈ.ஈ.ஈ. 1394 என்னும் நியமமாக வெளிவந்த மற்றொரு முறையின் தொகுதியிலும் ஒன்பதாம் ஊசி இல்லை. முறைகள் இரண்டு, வாயில் ஒன்று. இன்று செய்யப்படும் பலகைகளில் 1394 அரிதாகிவிட்டது. எமக்கு வந்துசேரும் பழைய கணினிகளில் அது இன்னும் உயிரோடு இருக்கின்றது.

இரண்டினதும் உள்ளொழுங்கை ஒப்புநோக்குக. யூ.எஸ்.பி. தொகுதியில் முதலிரண்டு ஊசிகள் 5 வோல்ற்று, மூன்று முதல் ஆறு வரை தரவு, ஏழும் எட்டும் புவி, பத்து வெற்றூசி. 1394 தொகுதியில் ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு ஆகியன தரவு. மூன்று, நான்கு, பத்து ஆகியன புவி. ஏழும் எட்டும் 12 வோல்ற்று. யூ.எஸ்.பி. வடம் புவியை எதிர்பார்க்கும் அதே ஏழாம், எட்டாம் இடங்களில் 1394 தொகுதி 12 வோல்ற்றை வைத்திருக்கின்றது. உண்மையான புவியோ தரவுக் கம்பியிற் போய் நிற்கும். அத்தகைய வாயிலில் ஒரு மாணவன் தன் செயற்றிட்டம் அடங்கிய பென் ட்ரைவைச் செருகுவானாயின், 5 வோல்ற்றுக்கென்று அமைந்த அச்சிறு கருவி 12 வோல்ற்றைத் தலைகீழாக ஏற்கும். கருவி போய்விடும், பலகையும் உடன் போதல் கூடும். பென் ட்ரைவை மீண்டும் வாங்கலாம். ஈராண்டு உழைப்பை எக்கடையில் வாங்குவது?

உருவம் ஒன்றாயினும் புவியின் இருப்பிடம் வேறு. இதுவே எமக்குக் கிடைத்த திறவுகோல். கணினியின் வடத்தைச் சுவர்க்குதையிலிருந்து முற்றாகக் கழற்றி, தொடக்கும் பொத்தானைச் சில நொடி அழுத்தி எஞ்சிய மின்னை வடியவிட்டோம். சுவர்ச் செருகியைக் கழற்றாது கணினியை நிறுத்திவைத்தல் மாத்திரம் போதாது. நிறுத்திய நிலையிலும் 5 வோல்ற்று பலகையில் ஓடிக்கொண்டிருக்கும். பின்னர்ப் பல்மானியைத் தொடர்ச்சி காணும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பேழையின் நிறப்பூச்சற்ற உலோகத்திலும் மறு முனையை ஒவ்வோர் ஊசியிலும் வைத்து வந்தோம். முதற்றொகுதியில் ஏழிலும் எட்டிலும் மணி ஒலித்தது. இரண்டாவதில் மூன்று, நான்கு, பத்து ஆகியவற்றில் ஒலித்தது. ஒரு துளி மின்னும் பாய்ச்சாமலே இரட்டையர் வேறாயினர்.

ஒரு சான்று போதுமென்று அமைதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. இரண்டாந் தொகுதியின் அருகே ஒரு சிறிய சில்லும், வெள்ளிநிறமான ஓர் உலோகக் குப்பியும் இருந்தன, குப்பியின்மேல் 24.576 என்று பொறித்திருந்தது. இது நொடிக்கு 24.576 மில்லியன் தரம் துடிக்கும் பளிங்கு. 1394 முறையின் சில்லுகள் இத்துடிப்பையே நாடுவன. ஆயினும் பழைய ஒலிச்சில்லுகளும் இதே துடிப்பைப் பயன்படுத்தின. பளிங்கைத் தனியே கண்டவன் இது ஒலித்தொகுதி என்று முடிவுசெய்திருப்பான். ஒன்பதாம் ஊசியின் இன்மையும், புவியின் இருப்பிடமும், பளிங்கின் எண்ணும் ஒன்றையொன்று தழுவி நின்றபோதே எமது ஐயம் நீங்கியது. இறுதியாக மின்னைப் பாய்ச்சி அளந்தபோது ஏழாம் ஊசியில் 12 வோல்ற்றுக்குச் சற்று மேலாகக் காட்டியது. வடத்தை முதற்றொகுதியிற் செருகினோம், முன்வாயில்கள் இயங்கின.

இம்முறை தமிழ் பயின்றார்க்குப் புதிதன்று. ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவது அரிது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தோன்றா. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் முன்னே கிடந்தவை அத்தகைய ஏடுகளே. ஓரெழுத்தின் உருவத்தைக் கொண்டு அது மெய்யோ உயிர்மெய்யோ என்று துணிதல் இயலாது. அயலெழுத்தும், தளையும், பொருளும், உரைகாரர் கூற்றும் சேர்ந்தே பாடத்தை உறுதிசெய்யும். ஊசிகளை வாசித்தலும் அவ்வாறே. ஓரூசியின் பொருளை அதன் அயலே நிறுவுகின்றது. பலகையின் செப்புத் தடங்களும் இவ்வகையிற் சான்று பகர்வன. அகன்ற தடம் வலுவைச் சுமப்பது. ஒத்த நீளமுடையனவாக, வளைந்து வளைந்து இணைபிரியாது செல்லும் இரட்டைத் தடங்கள் விரைந்த தரவைச் சுமப்பன.

நிறத்தைக் கொண்டு முடிவு செய்தல் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். தொழில் பழகியவர்களே மிகுதியும் ஏமாறும் இடம் இது. வலு வழங்கியின் கம்பிகளில் மஞ்சள் 12 வோல்ற்று, சிவப்பு 5, செம்மஞ்சள் 3.3, கறுப்பு புவி என்பது நெடுநாள் வழக்கு. அவ்வழக்கை விசிறிக்குக் கொண்டு செல்லற்க. மூவூசி விசிறியிற் பெரும்பாலும் சிவப்பு 12 வோல்ற்று. மஞ்சள், சுழற்சியை எண்ணிச் சொல்லும் கம்பி. நாலூசி விசிறிகள் பலவற்றிலோ மஞ்சளே 12 வோல்ற்று. பச்சை எண்ணிச் சொல்லும். நீலம் வேகத்தை ஆளும். ஒரே மஞ்சள் ஒரு விசிறியிற் சோறு போடுகிறது, மற்றதிற் கணக்கெழுதுகிறது. அண்மைக் காலத்து வலு வழங்கிகளில் எல்லாக் கம்பிகளையும் அழகுக்காகக் கறுப்பாகவே செய்துவிடுகின்றனர். அழகை நாடியவர்கள் திருத்துநரை நினைத்திலர்.

வலு தரும் இணைப்பிகளின் வரலாறு இக்கருத்தை நன்கு வலியுறுத்தும். ஐ.பி.எம். நிறுவனம் 1984 இல் வெளியிட்ட ஏ.ரி. கணினியின் வழிவந்தவற்றில், தாய்ப்பலகைக்கு வலு தருவன ஆறு கம்பிகளையுடைய இரண்டு செருகிகள். அவற்றை இடம்மாறியும் செருகலாம். செருகினாற் பலகை பாழாகும். கறுப்புக் கம்பிகள் நடுவில் அடுத்தடுத்து வரல் வேண்டும் என்பது அக்காலத் தொழிலாளர் நெஞ்சிற் பதித்திருந்த விதி. 1995 இல் இன்டெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். முறை அவ்விரண்டையும் இருபதூசிச் செருகி ஒன்றாக்கிற்று. பின்னர் அது இருபத்துநான்காக வளர்ந்தது. அதன் அறைகளுட் சில சதுரம், சில மூலை சீவியவை. ஆதலின் மாறி ஏறாது. இத்துணைக் காப்பு இருந்தும், 1990களின் பிற்பகுதியில் டெல் நிறுவனம் விற்ற கணினிகள் பலவற்றில் அதே இருபதூசி வடிவத்தை வைத்துக்கொண்டு கம்பிகளின் ஒழுங்கை மாத்திரம் மாற்றியிருந்தனர். பொது வலு வழங்கியை வாங்கிப் பூட்டியவர் பொருத்தத்தைக் கண்டார், புகையையும் கண்டார்.

இன்றும் இதற்கு ஒப்பான பொறிகள் இரண்டு உள. முறைவழியாக்கிக்கு வலு தரும் எட்டூசிச் செருகியும் வரைபட அட்டைக்கு வலு தரும் எட்டூசிச் செருகியும் பார்வைக்கு ஒன்றுபோல்வன. 12 வோல்ற்றும் புவியும் அவற்றில் எதிரெதிர் நிரைகளில் நிற்பன. கொளுவி உள்ள பக்கத்துக் கம்பிகள் மஞ்சளாயின் முறைவழியாக்கிக்குரியது. கறுப்பாயின் வரைபட அட்டைக்குரியது. மற்றையது, வடங்களைக் கழற்றிப் பூட்டத்தக்க வலு வழங்கி. வடத்தின் கருவிப்புற முனைக்கு நியமம் உண்டு. வழங்கிப்புற முனைக்கு இல்லை. ஒரு நிறுவனத்து வடம் மற்றொரு நிறுவனத்து வழங்கியில் அழகாகப் பொருந்தி, வன்தட்டுக்கு 5 வோல்ற்று செல்லவேண்டிய வழியில் 12 வோல்ற்றை அனுப்புதல் கூடும். வன்தட்டோடு அதிலுள்ள யாவும் அழியும். ஆகவே வழங்கியை மாற்றுவோர் அதன் வடங்களையும் உடன் மாற்றுக.

இரண்டே கம்பிகளையுடைய சிறு செருகிகள் தனி இன்பம் தருவன. கறுப்பும் சிவப்புமான அவ்விணை, நேரத்தைக் காக்கும் மின்கலத்தினதாயிருக்கலாம், ஒலிபெருக்கியினதாயிருக்கலாம், வெப்ப உணரியினதாயிருக்கலாம், பேழை திறக்கப்பட்டதை அறிவிக்கும் ஆளியினதாயிருக்கலாம். முதலில் வோல்ற்றளவை நோக்குக. 3 வோல்ற்று அளவில் இருப்பின் மின்கலம், இனித் தடையை அளக்கலாகாது. வோல்ற்று இல்லையேல் தடையை அளக்க. நாலு முதல் எட்டு ஓம் வரை காட்டி, முனை படும்போது மெல்லக் கரகரப்பது ஒலிபெருக்கி. சில ஆயிரம் ஓம் காட்டினால், மறுமுனையில் இருக்கும் மணியை விரல்களாற் பற்றிச் சூடேற்றுக. எண் இறங்கத் தொடங்கினால் வெப்ப உணரி. பக்கத்தகட்டின் அருகேயுள்ள சிறு நெம்பை அழுத்தும்போது தொடர்ச்சி தோன்றி, விடும்போது மறைந்தால் ஆளி. எட்டாம் வகுப்பு மாணவரும் இதனைச் செய்து மகிழ்வர்.

பெயர் காணமுடியாதனவும் சில எஞ்சும். பலகையைச் செய்தவர்கள் தொழிற்சாலையிற் சோதிப்பதற்கென விட்ட ஊசிகளும், ஊசி நாட்டப்படாத வெறுந் துளைகளும் அவற்றுட் பல. எக்கம்பியும் தொங்கவில்லை, எக்கருவியும் இயங்காதிருக்கவில்லை எனின், அவற்றை அவ்வாறே விட்டுவிடுதல் நன்று.

மின்னைப் பாய்ச்சி அளக்கும்போது கொள்ளவேண்டிய காப்பு மிகுதி. வலு வழங்கியின் பெட்டியைத் திறத்தலே ஆகாது. எமது 230 வோல்ற்று மின்வழங்கலில் அதனுள்ளே ஏறத்தாழ 325 வோல்ற்று தேங்கி நிற்கும், வடத்தைக் கழற்றிய பின்னும் சிறிதுநேரம் தங்கும். பல்மானியின் முனை வழுக்கி அடுத்தடுத்த இரண்டு ஊசிகளை இணைத்துவிட்டாற் கருமம் கெடும். நுனியை மாத்திரம் விட்டு எஞ்சியதைக் காப்புநாடாவாற் சுற்றிக்கொள்க. கறுப்பு முனையைப் பேழையிற் கௌவவைத்து, ஒரு கையாலேயே அளத்தல் நல்ல பழக்கம். பலகையைத் தொடுமுன் பேழையின் உலோகத்தைத் தொட்டு உடலில் ஏறிய நிலைமின்னை இறக்குக. கிளாலிப் பக்கமிருந்தும் ஆனையிறவுப் பக்கமிருந்தும் வரும் உப்புக்காற்று ஊசிகளில் மங்கலையும் பசுங்களிம்பையும் படியச் செய்யும். அத்தகைய ஊசியிற் பல்மானி மணி ஒலிக்காதிருந்தால் அது புவியன்று எனத் துணியற்க. முனையாற் சிறிது உராய்ந்து மீளவும் பார்க்க.

இனங்கண்ட ஒவ்வோர் இணைப்பிக்கும் எமது ஆய்கூடத்துச் சீ.ஆர். கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கியுள்ளோம். மேலே கணினியின் இலக்கம், பலகையிலுள்ள எழுத்தும் எண்ணும். அதன்கீழ் ஊசிகளின் படம், வெற்றிடம் கீழ்ப்பக்கமாக வரும்படி. ஒவ்வோர் ஊசியின் எதிரே மின்னில்லாதபோது கண்டதும் மின்னுள்ளபோது அளந்ததும் வெவ்வேறு மையில் எழுதப்படும். கைந்நூலிற் கண்டதாயின் அதுவும் தனியே குறிக்கப்படும். கண்டதும் கருதியதும் கேட்டதும் ஒன்றோடொன்று கலவாதிருத்தல் வேண்டும் என்பது பற்றி. இணைப்பியின் அருகே ஒரு சிறு கடதாசித் துண்டை ஒட்டி, கொப்பியின் பக்க எண்ணை அதில் எழுதிவிட்டுப் பேழையை மூடுகின்றோம்.